கட்டை எடுத்த கை

விமானந்தாங்கிக் கப்பலில் வேலை என்றதும் ஊரில் எல்லோரும் நான் விமானம் ஓட்டுகிறேன் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். என் வேலை சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது. போர் விமானம் மேல்தளத்தில் வந்து நின்றதும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, சங்கிலி போட்டு இறுக்க வேண்டும். கிளம்பும்போது சங்கிலியை அவிழ்த்து, கட்டையை உருவிக்கொண்டு, குனிந்தபடியே விலகி ஓடி, கட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும். அதைக் கண்ட பிறகுதான் விமானம் நகரும்.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது டிராக்டருக்கு அடியில் படுத்துக் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தார்.

"மேட்டுல வண்டிய நிப்பாட்டுனா நானுந்தான் கல்லு குடுக்குறேன். இதுக்கா ஒனக்குச் சம்பளம் தர்றாங்க?" என்று அடியிலிருந்தே சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அதே மனிதர் அறந்தாங்கி உரக்கடையில், டீக்கடையில், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் எல்லாம் வேறு மாதிரிப் பேசிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. "எம்மவன் கையக் காட்டலைன்னா பிளேன் கெளம்பாது." பொய் என்று சொல்ல முடியாது. கேட்டவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் வினையாகப் போனது.

இன்னொரு வேலையும் எங்களுக்கு உண்டு. விமானங்கள் பறக்கத் தொடங்கும் முன், மேல்தளத்தின் அகலத்துக்கும் தோளோடு தோள் வரிசையாக நின்று, தரையைப் பார்த்தபடியே மெதுவாக நடப்போம். களையெடுக்க இறங்கிய ஆட்கள் மாதிரி இருக்கும். ஒரு ஸ்க்ரூ, கம்பித் துண்டு, உரிந்த பெயின்ட், எது கிடந்தாலும் பொறுக்கிப் பையில் போட வேண்டும். இஞ்சின் அதை உள்ளே உறிஞ்சினால் விமானமும் போய்விடும், ஆளும் போய்விடுவார். நடந்து முடித்ததும் கையைத் தூக்கிக் காட்டுவோம், தளம் சுத்தம் என்று. இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டு, விடுமுறையில் வந்தால் கோயில் பிராகாரத்தில்கூடக் குனிந்தே நடப்பேன்.

வரப்பில் வழுக்கி விழுந்து அப்பாவுக்குக் கால் முறிந்து, தஞ்சாவூரில் பிளேட் வைத்து முடுக்கியிருந்தார்கள். நான் பொறுக்கும் கதையைக் கேட்டுவிட்டு, "ஒங் கப்பல்ல ஸ்க்ரூ எதுவும் கொறஞ்சா சொல்லுப்பா, எங் கால்ல ஏகப்பட்டது கெடக்கு," என்றார். அதுதான் அவர் என்னிடம் அடித்த கடைசி நக்கல்.

மோட்டார் கொட்டகையில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நாங்கள் அப்போது பயிற்சிக்காக நடுக்கடலில் இருந்தோம். அதிகாரி என்னைக் கீழே கூப்பிட்டுச் சொன்னார். ஹெலிகாப்டர் எட்டும் தூரத்துக்குக் கரை வர இன்னும் இரண்டு நாள் ஆகும், வந்ததும் முதல் ஆளாக உன்னை அனுப்புகிறேன் என்றார். நல்ல மனிதர். கப்பல் போனில் வீட்டோடு பேசவும் விட்டார். சித்தப்பா எடுத்தார்.

"ஐஸ் பெட்டி வச்சாச்சு. நீ ஒத்தப் புள்ள, நீ வந்துதான் கொள்ளி. வெரசா வந்துருப்பா."

"ரெண்டு நாள் ஆகும் சித்தப்பா. நீங்க எடுத்துருங்க."

"என்னப்பா பேசுற? கப்பல்லயே பிளேனு நிக்கிதுல்ல. ஒங் கையிலதான் எல்லாம்னு ஒங்கப்பா சொல்லிக்கிட்டே இருப்பாக."

"அதுல ஒரு ஆளுக்குத்தான் எடம் சித்தப்பா."

"அந்த ஒரு ஆளா நீ வாப்பா."

அதோடு லைன் போய்விட்டது. மறுபடி கிடைக்கவில்லை. நான் விமானத்தில் வருகிறேன் என்றே சித்தப்பா எடுத்துக்கொண்டார்.

அன்று எனக்கு வேலை வேண்டாம் என்றார்கள். கீழே படுக்கையில் உட்கார்ந்திருக்க முடியாமல், மேலே போய் மற்றவர்களோடு வேலைக்கு நின்றுகொண்டேன். மதியம் ஒரு விமானத்தில் ஏதோ கோளாறு, பறக்கலாம் ஆனால் கரைத்தளத்தில் வைத்துத்தான் சரிசெய்ய முடியும் என்று அதை அனுப்ப முடிவு செய்தார்கள். கட்டை எடுக்கும் முறை எனக்கு வந்தது. நான் இரண்டு நாள் காத்திருக்க வேண்டிய கரையை அது ஒரு மணி நேரத்துக்குள் தொட்டுவிடும். சங்கிலியை அவிழ்த்தேன். கட்டையை உருவிக்கொண்டு ஓடினேன். விமானி கண்ணாடிக்கு உள்ளிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை எழவில்லை. வயிற்றெரிச்சல் என்றால் அப்படி ஒரு எரிச்சல், அந்த ஒற்றை இருக்கையின் மேல். பக்கத்தில் நின்றவன் முதுகில் தட்டினான். கட்டையைத் தூக்கிக் காட்டினேன். இரைச்சல் நெஞ்செலும்பை உலுக்க, விமானம் தளத்தின் முன்முனை மேட்டில் ஏறிப் பறந்து, கரை இருக்கும் பக்கம் திரும்பியது.

அப்பா சொன்னது சரிதான். என் கையைப் பார்த்துத்தான் அது கிளம்பியது.

ஊரில் மறுநாள் சாயங்காலம் வரை எனக்காகக் காத்திருந்தார்கள். அதற்கு மேல் வைத்திருக்க முடியாமல் சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். நான் ஹெலிகாப்டர், ரயில், பஸ் என்று மாறி மாறி வந்து இறங்கியபோது, காடாற்றி, எலும்பு பொறுக்கி, ஜெகதாப்பட்டினம் கடலில் கரைத்துவிட்டு ஆட்கள் திரும்பியிருந்தார்கள். நான் கடலிலிருந்து வருவதற்குள் அப்பா கடலுக்குப் போய்விட்டார்.

என்னைக் கட்டிப் பிடித்துக் கதறுவாள் என்று நினைத்திருந்த அம்மா, கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"மேல சத்தம் கேக்குறப்பல்லாம் நீதான்னு வெளிய ஓடியாந்து பாத்தேன்ய்யா. எல்லாம் திருச்சிக்குப் போற பிளேனு."

அவளுக்கு நான் எதையும் விளக்கவில்லை. விளக்கினால் அப்பா ஊரெல்லாம் சொன்னது பொய்யாகிவிடும்.

சித்தப்பா மகனைக் கூட்டிக்கொண்டு சுடுகாட்டுக்குப் போனேன். கண்மாய்க்கரைக்குக் கீழே செம்மண்ணில் கருத்த வட்டம். பால் ஊற்றிய இடம் காய்ந்திருந்தது. கும்பிடக்கூடத் தோன்றவில்லை. கால்கள் தாமாக ஓரத்துக்குப் போய் நின்றன. தலை குனிந்தது. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மெதுவாக நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன்.

"எல்லாத்தையும் பொறுக்கியாச்சுண்ணே. அந்த பிளேட்டக்கூட எடுத்துட்டோம்," என்றான் அவன்.

நான் நிற்கவில்லை. வட்டத்துக்கு வெளியே, ஓட்டாஞ்சில்லுக்குப் பக்கத்தில், புகை படிந்த ஒரு சின்ன ஸ்க்ரூ கிடந்தது. எலும்புக்காகக் குனிந்தவர்கள் கண்ணில் அது பட்டிருக்காது. என் கண்ணுக்கு அது மட்டும்தான் தெரியும். எத்தனையோ வருடமாக நான் தேடிப் பொறுக்குவது அதைத்தானே.

எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். வெயிலில் சுட்டது.

"என்னண்ணே அது?"

"அப்பா கால்ல இருந்ததுடா," என்றேன்.

கப்பலில் என்றால் அடுத்ததாகக் கையைத் தூக்கித் தளம் சுத்தம் என்று காட்ட வேண்டும். மூடிய கையோடு அந்தச் சாம்பலிலேயே உட்கார்ந்து அழுதேன்.