அண்ணனின் முதுகு

மோட்டார் காயில் கட்டும் தொழிலில் தப்பை மறைக்க முடியாது. சுவிட்சைப் போட்டதும் மோட்டாரே புகைவிட்டுச் சொல்லிவிடும். ஆனாலும் ஊரார் மோட்டாரை நம்பமாட்டார்கள், சர்டிபிகேட்டைத்தான் நம்புவார்கள். பட்டறையிலோ தையல் கடையிலோ தொழில் பழகிவிட்டு, "முறைப்படி எங்க படிச்சே?" என்ற கேள்விக்கு முழித்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் நம்ம கட்சி.

கரிக்கம்பி

எண்பதுகளின் தொடக்கத்தில், பத்தாவது முடித்த கையோடு, ராஜபாளையத்தில் அண்ணனின் காயில் கடைக்குப் போனேன். மதியச் சோறு கொண்டுபோனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன் என்பதுதான் சரி. எரிந்த மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி, எத்தனை சுற்று என்று எண்ணிச் சொல்வது என் வேலை. புதுக் கம்பியைச் சுற்றி உள்ளே இறக்கி, முனைகளைச் சேர்த்துக் கனெக்‌ஷன் கொடுப்பது அண்ணன். அந்தக் கனெக்‌ஷன் கொடுக்கும்போது மட்டும் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வான். தொழில் ரகசியமாம்.

நான் விடுவேனா? அவன் மறைத்ததெல்லாம் எரிந்து வந்த மோட்டார்களில் திறந்து கிடந்தது. எந்த முனை எதோடு சேர்ந்திருக்கிறது என்று பிரிக்கும்போதே நோட்டில் படம் போட்டுவைத்தேன். ஒருநாள் நோட்டு அண்ணன் கையில் சிக்கியது.

"ஏட்டி, ஒன்னயச் சோறு கொண்டாரச் சொன்னா, கடையவே கொண்டுபோயிருவ போல!"

மம்சாபுரத்துக் கிணறு

அண்ணனுக்கு அம்மை போட்டிருந்த வாரம், மம்சாபுரத்திலிருந்து ஒருவர் கிணற்று மோட்டாரோடு வந்தார். மிளகாய்ச் செடி வாடுகிறது என்றார். நானே கட்டினேன். சுவிட்சைப் போட்டால் உறுமுகிறதே தவிர சுற்றவில்லை. அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. நோட்டைப் புரட்டினேன். ஒரு காயிலின் முனைகளை மாற்றிச் சேர்த்திருந்தேன். சரிசெய்ததும் ஒழுங்காக ஓடியது. மறுவாரம் அவரே கடைக்கு வந்தார்.

"தண்ணி நல்லா ஏறுதும்மா. ஆனா ஊர்ல ஒங்க அண்ணன் கட்டுனதுன்னுதான் சொல்லியிருக்கேன், கோவிச்சுக்கிடாத."

எண்ணிக்கை

கோவித்துக்கொண்டேன். அதனால்தான் கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும் என் பெயரிலேயே கடை போட்டேன்.

காயில் சுற்றும்போது யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லமாட்டோம். எண்ணிக்கை விட்டால் அவ்வளவையும் பிரிக்க வேண்டும். அப்படி நான் அறுபத்துமூன்றாவது சுற்றில் இருந்தபோது தளவாய்புரத்துக்காரர் ஒருவர் வந்து, "மெக்கானிக் எங்கம்மா?" என்றார். எழுபதில் மறுபடி கேட்டார். எண்பதில் கத்தினார். பிறகு மீசையை முறுக்கிக் காட்டி, ஆம்பளை எங்கே என்று சைகையில் கேட்டார். நூற்றுப் பதினேழில் முடித்துக் கம்பியை வெட்டிவிட்டு, "சொல்லுங்க அண்ணாச்சி, நாந்தான் மெக்கானிக்" என்றேன்.

"பேசுவியா தாயி? வாய் பேசாத புள்ளைன்னு நான் பாவப்பட்டுல்ல நிக்கேன்!"

ஒரே ஒரு கட்டம்

தொண்ணூறுகளில், ராஜபாளையத்து மில் ஒன்றின் மோட்டார் வேலைகளை எடுக்க விண்ணப்பித்தேன். அது கிடைத்தால்தான் கடை நிற்கும். கிணற்று மோட்டாரை மட்டும் நம்பினால் மழைக்காலம் முழுக்க ஈ ஓட்ட வேண்டும். படிவத்தில் 'பயிற்சி பெற்ற இடம்' என்று ஒரு கட்டம். 'எரிந்த மோட்டார்கள்' என்று எழுதினேன். மில் இன்ஜினியர் படிவத்தைத் திருப்பித் தள்ளினார். "விளையாடாதீங்கம்மா. சொல்லிக்குடுத்தவர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க."

கேட்டதும் அண்ணன் பேனாவை எடுத்துவிட்டான். 'என்னிடம் முறைப்படி பயின்றார்' என்று ஆரம்பித்தான். எனக்கு வந்ததே கோபம். "பொய் எழுதாதண்ணே. நீ முதுகத்தான காட்டுன? அதையே எழுது" என்றேன். அவன் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினான்: 'இவளுக்கு நான் ஒன்றும் சொல்லித்தரவில்லை. மறைக்கத்தான் செய்தேன். நான் கட்டி எரிந்த மோட்டார்களையும் இப்போது இவள்தான் கட்டுகிறாள்.'

இன்ஜினியர் அதை இரண்டு தரம் படித்தார். கட்டத்தில் நான் எழுதியிருந்ததை அடிக்காமல் அப்படியே கையெழுத்துப் போட்டார்.

"இப்படி ஒரு சர்டிபிகேட் எனக்கே கிடையாதும்மா."

முறைப்படி பழகியவள்தானா என்று கேட்பவர்களுக்கு இன்றும் என் பதில் ஒன்றுதான்: அண்ணனுக்கு முதுகு கொஞ்சம் அகலம், அதனால் தொழில் பழக எனக்கு ஒன்பது வருடம் ஆனது.