வெலங்க

எங்கள் வீட்டில் இடது, வலது என்று யாரும் சொல்வதில்லை. கடலைப் பார்த்து நின்றால் முன்னால் இருப்பது வெலங்க. முதுகுப்பக்கம் கரைய. வாடைக்காற்று வரும் வடக்கு, வாடக்க. சோழக்காற்று வரும் தெற்கு, சோழக்க. அப்பா மீன்பிடிக்கப் போகும் வல்லத்தில் மட்டுமில்லை, அடுப்படியிலும் இதுதான் பேச்சு. "அந்தக் கொடத்தக் கொஞ்சம் வாடக்க தள்ளி வையி" என்பாள் அம்மா. சாப்பிட உட்கார்ந்தால், "வெலங்க இருக்க சட்டியில கொழம்பு கெடக்கு, ஊத்திக்க" என்பார் அப்பா. கடல் கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை. அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பது உடம்புக்குத் தெரியும்.

இதனால் பள்ளிக்கூடத்தில் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். மைதானத்தில் கடலைப் பார்த்து வரிசையாக நிறுத்தி, "வலப்பக்கம் திரும்பு" என்றார்கள். எல்லோரும் சோழக்க திரும்பினார்கள். சரி, வலது என்றால் சோழக்க என்று நான் மனதில் குறித்துக்கொண்டேன். மறுநாள் எங்களைக் கடலுக்கு முதுகு காட்டி நிறுத்தினார்கள். "வலப்பக்கம் திரும்பு" என்றதும் நான் மட்டும் சோழக்க திரும்பினேன். மொத்த வரிசையும் வாடக்க திரும்பி என் மூக்கோடு மூக்கு நின்றது. "ஏலே, சோத்தாங்கை எதுலே ஒனக்கு?" என்று வாத்தியார் கேட்டார். மைதானமே சிரித்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "நீ திரும்பினதுதானலே சரி? சோழக்க எப்படி மாறும்?" என்றார்.

பிறகு நான் கற்றுக்கொண்டேன். படித்து, துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்கு ஆபீஸில் வேலைக்கும் சேர்ந்துவிட்டேன். இடது வலது இப்போது தடுமாறுவதில்லை. ஆனால் திடுக்கிட்டால் வாய் பழைய இடத்துக்கே போய்விடும்.

அந்த ஆபீஸில்தான் என் மனைவியைப் பார்த்தேன். அங்கே எல்லா ஆணும் சார், எல்லாப் பெண்ணும் மேடம். நாங்களும் அப்படித்தான் பழகினோம். இன்றைக்கும் அவள் என்னைக் கேலி செய்ய நினைத்தால் நான் சார்தான். அவள் ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வயற்காட்டு ஊர்க்காரி. அவளுடைய அப்பாவுக்கு வாழையும் கொஞ்சம் நெல்லும். எங்கள் வீட்டில் கோயில் என்றால் மாதா கோயில், அவர்கள் வீட்டில் பெருமாள். என் வீட்டில் ஒரு வாரம் முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். அவளுடைய அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கும் வரவில்லை. அதற்குப் பிறகு மகளிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவள் அம்மா மட்டும் அவர் வயலுக்குப் போன நேரம் பார்த்துப் போன் செய்வாள். இவள் அவருக்கு வாட்ஸாப்பில் ஏதாவது அனுப்பிக்கொண்டே இருப்பாள். இரண்டு நீலக் கோடு விழும். அவ்வளவுதான்.

அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லையாம். எப்போதும் ஏளாதான். கல்யாணமான புதிதில் நானும் ஒருநாள் விளையாட்டாக "ஏளா" என்றுவிட்டேன். அவள் முகம் மாறிவிட்டது.

"அது எங்கப்பா கூப்பிடுதது. நீங்க வேற என்னன்னாலும் கூப்பிடுங்க" என்றாள்.

முதுமலைக்குப் போகலாம் என்று சொன்னதும் அவள்தான். புதுசாகக் கல்யாணமானவர்கள் ஊட்டிக்குப் போவார்கள், போட் ஹவுஸில் நின்று போட்டோ எடுப்பார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவள் காட்டு யானையைப் பார்க்க வேண்டும் என்றாள். பார்த்தால் மட்டும் போதாது, அவள் கையால் படம் எடுக்க வேண்டும்.

அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது திருவிழாவுக்கு ஊருக்கு ஒரு யானை வருமாம். அதைப் புளியமரத்தடியில் கட்டியிருப்பார்கள். அப்பாவும் மகளும் வாழைப்பழச் சீப்போடு போவார்கள். பழத்தை நீட்டிவிட்டு இவள் யானையின் முகத்தைப் பார்க்க மாட்டாள், காலைத்தான் பார்ப்பாள். சங்கிலி உரசிய இடத்தில் தோல் வேறு நிறமாக இருக்கும். "ஏம்ப்பா கட்டிருக்காவ?" என்று அழுவாள். "காட்டுல உள்ளதுக்குக் கட்ட மாட்டாவ ஏளா. ஒரு நாளைக்குக் கூட்டிட்டுப் போயிக் காட்டுதேன்" என்று அவர் சொல்வாராம். வருஷா வருஷம் சொல்வாராம். வாழையை விட்டுவிட்டு அவரால் திருநெல்வேலிக்கு அப்பால் போக முடிந்ததில்லை.

"நான் பாத்துட்டேன்னு அவுகளுக்குக் காட்டணும். அதுக்காவது ஏதாச்சும் சொல்லுவாவல்லா?" என்றாள். அந்தக் குரலுக்கு முன்னால் போட் ஹவுஸ் எல்லாம் நிற்குமா?

புன்னைக்காயலில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் என் கூட்டாளி அவனுடைய கேமராவைக் கொடுத்தான், பெரிய லென்ஸோடு. "யானைகிட்ட சிரிக்கச் சொல்லாதலே. பல்லு பெருசு, ஃப்ரேமுக்குள்ள வராது" என்று சொல்லி அனுப்பினான்.

மசினகுடியில் அறை எடுத்தோம். முதலில் பக்கத்தில் இருந்த யானை முகாமுக்குப் போனோம். யானைகளுக்குக் களி உருண்டை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல வெளிச்சம், நல்ல பெரிய யானை, அசையாமல் நின்றது. பின்னங்காலில் சங்கிலி. கேமரா என் கையில் இருந்தது.

"இதையே எடுத்துருவோமா? காலு வராம மேலாக்க எடுத்தா யாருக்குத் தெரியப்போவுது?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்கப்பா யாவாரிகிட்ட வாழத்தாரைக் காட்டும்போது அடிபட்ட பக்கத்தத்தான் மொதல்ல திருப்பிக் காட்டுவாவ. அவுகளுக்குப் போயி காலு இல்லாத யானைய அனுப்பச் சொல்லுதியளா சார்?"

நான் லென்ஸ் மூடியை மாட்டிவிட்டேன்.

அன்று சாயங்காலம் காட்டுக்குள் போகும் வேனில் ஏறினோம். ஜன்னல் ஓரத்தில் அவள், மடியில் கேமரா. பக்கத்தில் நான். பின் சீட்டில் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஓர் அம்மா, முறுக்குப் பொட்டலத்தோடு. சத்தம் போடக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது என்று டிரைவர் அண்ணன் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். மயில் வந்தது. கருமந்தி வந்தது. நாங்கள் வந்த பக்கமாகப் புள்ளிமான் கூட்டம் ஒன்று நின்றது. வேன் நின்றது. எல்லோரும் மானைப் பார்த்தார்கள்.

நான் மட்டும் எதேச்சையாக மறுபக்கம், காட்டின் உள்ளே திரும்பினேன். உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னால் ஒரு பாறை காதை அசைத்தது.

"வெலங்க! வெலங்க பாரு!" என்று கத்திவிட்டேன்.

அவள் கண்ணிலிருந்து கேமராவை எடுக்காமல் மானைப் பார்த்தபடியே, "விலங்குதான் தெரியுதே!" என்று சொல்லி டக் டக்கென்று எடுத்தாள்.

"இல்ல, வெலங்க! வெலங்க!"

"எந்த வெலங்குங்க தம்பி?" என்று கோயம்புத்தூர் அம்மா எழுந்தார். அவர் எழுந்ததும் அவருக்குப் பின்னால் எல்லோரும் எழுந்தார்கள். முறுக்கு சிதறியது. "உக்காருங்க, உக்காருங்க சார்!" என்று டிரைவர் அண்ணன் பதறினார். அதற்குள் பாறை திரும்பி நடந்துவிட்டது. இவள் நான் பார்த்த திசைக்குத் திரும்பியபோது புதர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"யானையா?" என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். அவள் கேமராவை மடியில் வைத்து மூடினாள்.

அறைக்கு வந்த பிறகும் பேச்சில்லை. நான் பயந்துபோய் இரண்டு டீ வாங்கி வந்து நீட்டினேன். அவள் வாங்கி ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "இந்தக் காட்டுல கடலு எங்கன இருக்கு?" என்று கேட்டாள்.

அப்போதுதான் நானே அதை யோசித்துப் பார்த்தேன். வேன் கிளம்பிய இடத்தை நான் கரை என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். காட்டின் உள்பக்கம் முழுவதும் எனக்கு வெலங்க. யாரும் சொல்லிக்கொடுக்காமல் மனம் அப்படிப் பிரித்து வைத்துக்கொண்டுவிட்டது. அதை அவளிடம் சொன்னேன்.

"விலங்குன்னா ரெண்டு அர்த்தம்னு எங்க தமிழ் டீச்சர் சொல்லித் தந்தாவ. ஒண்ணு மிருகம். இன்னொண்ணு காலுல மாட்டுதது" என்றாள். "காலுல மாட்டாத யானையத் தேடி இம்புட்டுத் தூரம் வந்துட்டு, நீங்க விலங்கு விலங்குன்னு கத்தினா நான் எதன்னு எடுத்துக்கிட? மூணாவதா ஒண்ணு இருக்குன்னு டீச்சர் சொல்லவே இல்லியே."

"ஒங்க டீச்சர் வல்லத்துல ஏறிருக்க மாட்டாவ."

அவள் சிரித்துவிட்டாள். டீ புரையேறியது. நான் தலையில் தட்டினேன். எனக்கு உயிர் வந்தது.

மறுநாள் விடியற்காலை வேனுக்கு மறுபடியும் சீட்டு எடுத்தோம். மதியம் ஊருக்குத் திரும்ப வேண்டும். இதுதான் கடைசி வாய்ப்பு. இந்தத் தடவை என் வாயை நான் நம்பவில்லை. வாட்ச் கட்டிய கை இடது, கட்டாதது வலது என்று சின்னப்பிள்ளை மாதிரி வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். பனி மூட்டம். கண்ணாடியெல்லாம் ஈரம். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. ஒரு காட்டெருமை மட்டும் எங்களைச் சட்டை செய்யாமல் மேய்ந்தது. அவள் கை கேமராவின் மேலேயே இருந்தது. விரல் நுனிகள் குளிரில் வெளுத்துவிட்டன.

ஒரு வளைவில் என் முழங்கையை அவள் தொட்டாள். முகத்தைத் திருப்பவில்லை. மூச்சு விடுகிற சத்தத்தில் சொன்னாள்.

"சார். வெலங்க."

நான் காட்டின் உள்பக்கம் பார்த்தேன். சரியாக அங்கேதான் நின்றது. பெண் யானை. இடுப்பு உயரப் புல்லுக்குள் நின்று, தும்பிக்கையால் புல்லைச் சுருட்டிப் பிடுங்கி, தொடையில் தட்டி மண்ணை உதிர்த்துத் தின்றுகொண்டிருந்தது. டிரைவர் அண்ணன் என்ஜினை அணைத்தார். கோயம்புத்தூர் அம்மா இந்த வேனில் இல்லாததால் அப்படி ஓர் அமைதி. புல் வேரோடு அறுபடும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. அவள் எடுத்தாள். ஒன்று எடுத்து, மூச்சை விட்டு, இன்னொன்று எடுத்தாள்.

பிறகு யானை நகர்ந்தது. புல் முடிந்து ஓர் ஓடைமண் திட்டு இருந்தது. அதில் இறங்கி நடந்தபோது காலெல்லாம் தெரிந்தது. சேறு அப்பிய, சுருக்கம் விழுந்த, வெறும் கால்கள். முன்னங்கால், பின்னங்கால் என்று ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து நிதானமாகக் கடந்தது. எடு, எடு என்று சொல்ல அவள் பக்கம் திரும்பினேன். அவள் கேமராவை இறக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் யானையின் பக்கமே திரும்பிக்கொண்டேன். யானை மூங்கிலுக்குள் போய் மறைந்தது.

மசினகுடிக் கடைத்தெருவில் வந்துதான் போனுக்கு சிக்னல் கிடைத்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கேமராவின் பின்திரையில் படத்தைப் பெரிதாக்கி, அதைப் போனில் படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்பினாள். கீழே, "அப்பா, காட்டு யானை" என்று மட்டும் எழுதினாள். நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை. அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். டீயைக் குடிக்கவில்லை.

போன் பெஞ்சு மேலேயே அதிர்ந்தது. திருப்பினாள். அப்பா என்று இருந்தது. அவளுக்குக் கை ஓடவில்லை. நான்தான் பச்சையைத் தள்ளி, ஸ்பீக்கரையும் போட்டுவிட்டேன்.

ஒரு செருமல். அப்புறம், "ஏளா, காலு தெரியலயே" என்றது குரல்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அவள் முதுகில் கை வைத்தேன்.

"புல்லு மறைச்சிட்டுப்பா" என்றாள் ஒருவழியாக.

"சங்கிலி?"

"இல்லப்பா. நான் பாத்தேன்."

"நல்லாப் பாத்தியா? நாலு காலுலயும்?"

"நாலுலயும்தான்."

"அப்ப ஏன் அத எடுக்கல?"

"பாத்துக்கிட்டே இருந்துட்டேன்ப்பா."

அந்தப் பக்கமிருந்து வாழைத்தோப்பில் தண்ணீர் பாயும் மோட்டார் சத்தம் மட்டும் வந்தது. பிறகு, "நீ மட்டும்தான் பாத்தியா? கூட யாரும் பாத்தாவளா?" என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். "அவுகளும் பாத்தாவ."

"குடு."

போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் குரலை அதுவரை நான் கேட்டதே இல்லை.

"நீரு பாத்தீரா?"

"பாத்தேன் மாமா. நாலு காலும் வெறுங்காலு."

"ம். எந்தப் பக்கமாப் போச்சு?"

வாட்ச், கை, இடது, வலது எல்லாம் எங்கே போனதோ. எழுந்தே நின்றுவிட்டேன்.

"வெலங்க, மாமா."

"எதுக்குள்ள?"

அவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். "காட்டுக்குள்ளப்பா. அது ஒரு பெரிய கத. இவுக வீட்டுப் பாஷ. போன்ல சொன்னா ஒங்களுக்கு வெளங்காது."

மோட்டார் சத்தம் நின்றது. அவர்தான் போய் அணைத்திருக்க வேண்டும்.

"அப்ப ரெண்டு பேருமா வந்து சொல்லுங்க" என்றார்.