விரல் படித்த கடிதம்

நர்ஸக்கா தையற்காரம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். நகத்துணுக்கு சிதறாமலிருக்க தையற்காரம்மாவின் மடியில் ஒரு பழைய தாள். அலமாரியில் கைக்கு அகப்பட்டதை அந்தம்மாவின் வீட்டுக்காரர் உருவிக் கொடுத்திருந்தார்.

பக்கவாதம் தையற்காரம்மாவின் ஒரு காலையும் படிப்பையும் சேர்த்துக் கொண்டுபோயிருந்தது. பேச்சு தெளிவு, பார்வையும் உண்டு. ஆனால் எழுத்தைப் பார்த்தால் எறும்பு ஊர்கிற மாதிரிதான் இருக்கிறது என்பாள். வெளியூரில் இருக்கும் மகனுக்குப் போனில் பேச வராது; அவனுடைய மின்னஞ்சல் வீட்டுக்காரரின் போனுக்கு வரும். அவர் தண்டோரா போடுவதுபோல் வாசிப்பார். சாப்பிட்டேன், தூங்கினேன், நலம். அப்பாவின் வாய் வழியாகப் போகிற சேதியில் பிள்ளை வேறென்ன எழுதுவான்?

"என்னமோ மறைக்கிறான். எனக்குன்னு ஒரு வரி எழுத மாட்டானா?" என்று அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.

நகம் வெட்டிய விரல் தாளின்மேல் விழுந்தது. மெல்ல நகர்ந்தது.

"அம்மா... சட்டை... சின்னதாயிடுச்சு..."

நர்ஸக்காவின் கையிலிருந்த நகவெட்டி அப்படியே நின்றது. மகன் விடுதியிலிருந்து எப்போதோ எழுதிய கடிதம் அது. நர்ஸக்கா அதைப் புரட்டித் தடவினாள். பால்பாயின்ட் பேனாவால் உழுது வைத்திருந்தான். செய்தித்தாளைக் கொடுத்துப் பார்த்தாள். வழவழப்பில் விரலுக்குப் பிடி கிடைக்கவில்லை. போன கைகால் திரும்பி வந்ததை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். படிப்பு விரல் வழியாகத் திரும்பி வந்து பார்த்ததில்லை.

உடனே மகனுக்குப் போன் போட்டாள். "தம்பி, பேப்பர் கிழியற மாதிரி அழுத்தி எழுதி அனுப்புங்க."

அவனும் எழுதினான். எழுதி, அதைப் படம் பிடித்து அப்பாவின் போனுக்கு அனுப்பினான்!

தையற்காரம்மா போன் கண்ணாடியில் விரல் வைத்தாள். படம் ஓடியது, வீங்கியது, கடைசியில் பிளம்பருக்குப் போன் போய்விட்டது.

"பிள்ளைக்கு அப்படியே அப்பன் புத்தி," என்றாள்.

"எல்லாத்துக்கும் என்னையே இழு," என்றார் வீட்டுக்காரர்.

பிறகு அசல் தாளே தபாலில் வந்தது. வீட்டுக்காரர் வாசிக்க மூக்குக்கண்ணாடியைத் தேடினார். நர்ஸக்கா முழங்கையைப் பிடித்து அவரைச் சமையலறைக்கு நடத்தினாள். "இதுக்கு உங்க தொண்டை வேணாம் சார். வெங்காயத்தை உரிங்க."

கதவோரம் நின்று பார்த்தாள். தையற்காரம்மா கண்ணை மூடியிருந்தாள். விரல் ஒரு வரியைக் கடந்து, திரும்பி வந்து, ஓரிடத்தில் நின்று, அதையே மறுபடி மறுபடி தடவியது. எங்கோ இருக்கும் ஒருவன் கை அழுந்திய பள்ளத்தில் பெற்றவளின் விரல் நடந்துகொண்டிருந்தது.

"மறைச்சதைச் சொல்லிட்டான்," என்றாள் தையற்காரம்மா. என்னவென்று நர்ஸக்கா கேட்கவில்லை.

மறுநாள் காலை தையற்காரம்மா பேனா கேட்டாள். எழுதியதைக் கண்ணால் படிக்க முடியாவிட்டாலும் கைக்கு எழுத்து மறக்கவில்லை.

"குடு, டைப் பண்ணி அனுப்பிடறேன்," என்றார் வீட்டுக்காரர்.

"ஒண்ணும் வேணாம்."

உறையை அவளே ஒட்டினாள். நர்ஸக்கா மருந்துக்கடைக்குப் போகிற வழியில் தபால்தலை வாங்கி ஒட்டி, பெட்டியில் போட்டாள்.