தானாகத் திறந்த கதவு

மாமா ரிமோட்டை விட்டெறிந்ததை அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பார்த்தேன். வலது கையும் காலும் விழுந்துபோனவர் அவர். இடக்கையால் எறிந்ததால் அது டி.வி. வரை போகாமல் கட்டில் விளிம்பில் மோதி, பின்மூடி கழன்று, பேட்டரிகள் பீரோவுக்கு அடியில் உருண்டன. திரையில் விண்கலத்தின் கேப்டன் எதுவுமே நடக்காததுபோலச் சிரித்துக்கொண்டிருந்தார். சமையலறையிலிருந்து அக்கா கரண்டியோடு ஓடிவந்தாள்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். தி. நகரின் துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் லிஃப்ட் நின்றுபோனால் அவருக்குத்தான் போன் வரும். அவர் குடியிருந்ததோ மந்தைவெளியில், லிஃப்ட்டே இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். அதைச் சொல்லி அவரே சிரிப்பார். பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து நான்கு பேர் தூக்கிவந்து அந்த வீட்டில் படுக்கவைத்த பிறகு, அவர் அந்தப் படிகளை மறுபடி பார்க்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுவர். பேச்சு ஒவ்வொரு வார்த்தையாக, இடையில் மூச்சு வாங்கித்தான் வரும். அக்கா மருந்துக் கடைக்குப் போனாலும் செருப்பைச் சரியாக மாட்டாமல் ஓடிப்போய் ஓடிவருவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் திருவான்மியூரிலிருந்து நான் போவேன். பிற்பகலில் தமிழில் குரல் கொடுத்த ஒரு விண்வெளித் தொடர் வரும். மாமாவுக்கு அது உயிர். புதுப்புதுக் கிரகங்கள், முடிவில்லாத இருட்டு, எங்கே வேண்டுமானாலும் போகக்கூடிய கப்பல். மற்ற நாட்களில் கூரையையே பார்த்திருப்பவர், அந்த ஒரு மணி நேரம் தலையணையில் நிமிர்ந்து உட்காருவார்.

அன்றைய பகுதி சுமார்தான். கேப்டனும் பெண் டாக்டரும் கப்பலின் ஒரு சின்ன அறைக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். கதவு திறக்கவில்லை, காற்று குறைகிறது. பிறகு கதையே நகரவில்லை. இருவரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நிதானமாகத் தங்கள் சின்ன வயதுக் கதைகளைப் பேசுகிறார்கள். நான் பாதியிலேயே செல்போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். கடைசியில் கதவு தானாகத் திறந்தது. உங்கள் பொறுமையைச் சோதித்தோம் என்று எங்கிருந்தோ ஒரு குரல் சொன்னது. அப்போதுதான் ரிமோட் பறந்தது.

“இன்னாத்துக்கு இவ்ளோ கோவம்? கதைதானே அது” என்றாள் அக்கா.

மாமாவின் உதடு கோணியது. “கத்துவான்” என்றார். “உள்ள... மாட்னவன்... கத்துவான்.”

எனக்கு உடனே விளங்கவில்லை. அக்காவுக்கு விளங்கியது. வேலைக்குப் போன காலத்தில் அவர் சொல்வதுண்டு: லிஃப்ட்டுக்குள் மாட்டியவர்கள் முதலில் கத்துவார்கள், பிறகு கதவைத் தட்டுவார்கள், பிறகு அழுவார்கள். லிஃப்ட்டைத் திறக்குமுன் கதவு இடுக்கில் வாயை வைத்து, “வந்துட்டேன், பேசிக்கினே இரு” என்று குரல் கொடுப்பாராம்.

“தானா... தொறக்காது” என்றார் மாமா.

அக்கா கட்டிலருகே வந்தாள். “நீ ஒரு தபாகூட கத்தலியேய்யா” என்றாள். “இந்த ரூம்ல கெடக்குற. ஒரு தபாகூட கத்தலியே.”

மாமா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். “யாருக்கு... கேக்கும்?”

“எனுக்குக் கேக்கும்.”

கரண்டியை டி.வி. மேலேயே வைத்துவிட்டு அவள் விடுவிடுவென்று படியிறங்கினாள். திரும்பியபோது தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து இரண்டு பேர் கூட வந்தார்கள். மாமாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, தன் பழைய புடவையால் இடுப்போடு சேர்த்துக் கட்டினாள். எனக்குப் பயம். “விழுந்துட்டார்னா இன்னாக்கா பண்றது?” என்றேன்.

“விழுந்தாலும் கீழதானடா வருவாரு” என்றாள்.

“அண்ணே, கைய மடியில வெச்சுக்கோ, செவுரு உராசும்” என்று சொல்லிக்கொண்டே ஆட்டோக்காரர்கள் முன்னாலும் நான் பின்னாலும் பிடித்து இறங்கினோம். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நாற்காலியின் கால் கைப்பிடிக் கம்பிக்குள் சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கீழே வைக்க இடமில்லை. அந்த நேரத்தில் மாமா கத்தினார். வார்த்தை இல்லை, வெறும் குரல். அந்த உடம்பில் அவ்வளவு சத்தம் மிச்சமிருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. இரண்டாவது மாடியில் எதிரெதிரே இரண்டு கதவுகள் திறந்தன. சாப்பிட்ட கையோடு ஒருவர் ஓடிவந்து நாற்காலியை அடியிலிருந்து தாங்கினார். அவர் மனைவி குனிந்து கம்பியிலிருந்து நாற்காலியின் காலை விடுவித்தாள். “மேல இப்டி ஒருத்தர் படுத்துக்கினு இருக்காருன்னே தெரியாம இருந்துட்டோமே” என்றாள் அந்த அம்மா. மாமாவுக்கு மூச்சு வாங்கியது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

கேட்டருகே நிழலில் உட்காரவைத்தோம். தண்ணீர் லாரி போனது, ஒரு நாய் வந்து அவர் காலை முகர்ந்தது, இஸ்திரி வண்டிக்காரர் கையைத் தூக்கினார். மாமா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தால் அக்காவைக் காணோம்.

அரை மணி நேரம் கழித்து வந்தாள். கையில் ஒன்றும் இல்லை.

“எங்கக்கா போன?”

“சும்மா. மாட வீதி வரைக்கும் நடந்தேன்.” சற்று நின்று, ஏதோ வெட்கப்படுவதுபோலச் சொன்னாள்: “இந்த ஒரு வருசத்துல ஓடாம நடந்தது இன்னிக்குத்தான். ஒருத்தரும் என்னக் கூப்டலடா.”

சில ஞாயிறுகள் அப்படி இறக்கினோம். ஏற்றுவதுதான் பெரும்பாடு. மழைக்காலம் வந்தது, ஆட்டோக்காரர் ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது, இறக்குவது நின்றுபோயிற்று. கீழ்த்தள வீடு தேடினோம், தோதாக எதுவும் அமையவில்லை. மாமா மறுபடி அந்த அறைக்கே திரும்பினார். ஆனால் சாயங்காலம் ஆனால் இரண்டாவது மாடி அம்மா மேலே வந்து அவருக்குத் துணையாக உட்காருவாள். மாமா அக்காவைப் பார்த்து, “போ” என்பார். தெளிவாக வந்த சில வார்த்தைகளில் அது ஒன்று. அக்கா நொச்சிக்குப்பம் கடற்கரை வரை நடந்து, கரையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, சில நாள் மீனோடு வருவாள். அன்று பார்த்ததையெல்லாம் அவரிடம் சொல்லுவாள். அவர் கண்ணை மூடிக் கேட்பார்.

மாமா தவறிப்போன பிறகு அக்கா என் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடிவந்துவிட்டாள். கடற்கரை ஐந்து நிமிட நடை. தடுப்பார் யாருமில்லை, “போ” என்று சொல்லவும் ஆளில்லை. ஆனாலும் சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்து பிடித்தபடி, உள்ளே திரும்பிக் கொஞ்ச நேரம் நிற்கிறாள். பிறகு, சில நாட்களில், போகாமலே செருப்பைக் கழற்றிவிடுகிறாள்.