மல்லிகாவின் வாய்

சளி பிடித்த மகளின் நெஞ்சில் இன்று தைலம் தேய்த்தபோது, எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் அந்த வாசனையோடு நினைவில் வந்துவிட்டது. மண் சரிந்து இப்போது படிகள் மட்டுமே மிஞ்சியிருக்கும் அந்த ஒற்றை மண்டபத்தில், தகரக் கூரையில் மழை இரைய, பக்கத்து லயத்து வரிசை வீட்டு மல்லிகா தைலம் மணக்க, மூக்கு அடைத்து, வாயால் மூச்சுவிட்டபடி என்னருகில் உட்கார்ந்திருப்பாள்.

ராகலை டவுனிலிருந்து பஸ்ஸில் வந்து இங்கிலீஷ் படிப்பிக்கும் சேர், வாய் பிளந்திருப்பதைச் சொல்லும் ‘அகேப்’ (agape) என்ற சொல்லுக்குப் பலகையில் அர்த்தம் எழுதவில்லை.

“மல்லிகா, எந்திரி. எல்லாரும் இவ வாயப் பாத்துக்கங்க. இதுதான் அகேப்.”

அன்றிலிருந்து பாடத்தில் அந்தச் சொல் வந்தாலும் வராவிட்டாலும் அவள் எழுந்து நிற்க வேண்டும், சேர் “இப்ப மூடு” என்பார், அவள் மூடுவாள், நாங்கள் ஒன்று, இரண்டு என்று கூட்டாக எண்ணுவோம், முகம் சிவந்து கண் பிதுங்கி அவள் வாயைத் திறக்கும்போது மண்டபமே சிரிக்கும்; எல்லாரையும்விட உரக்க எண்ணியவள் நான்தான்.

முதுகிலும் தேய்க்கச் சொல்லி மகள் திரும்பினாள், வாயைத் திறந்தபடி.

“ஸ்கூல்ல சிரிப்பாங்க. வாய மூடுடி,” என்று அவள் மோவாயை அழுத்திப் பிடித்தேன். அவள் மூச்சுக்குத் திமிறினாள். என் உதடுகள் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கியிருந்தன.