எந்தப் பன்னிரண்டு?

ஓமானில் சமாயில் என்ற ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த ஜஹ்ரானுக்கு வானம் என்றால் பைத்தியம். பட்டம் எதுவும் கிடையாது. பத்து வருடம் மேகப் படங்களைப் பார்த்துப் பழகிய கண்தான். ‘ஓமான் மழை’ என்ற இணையக் குழுவில் அவர் சொன்னால் நாலாயிரம் பேர் கேட்பார்கள். சூர் நகரிலிருந்து எழுதும் முதஃப்பர் மட்டும் கேட்க மாட்டார். "கண்ணாடிக்காரருக்கு இன்னைக்கும் பவர் சரியில்லபோல" என்று ஒருமுறை அவர் போட்டது ஜஹ்ரானின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்துவிட்டது. அதிலிருந்து யார் எதைக் கேட்டாலும் முதஃப்பரின் ஆளோ என்ற சந்தேகம்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு காலை ஜஹ்ரான் எழுதினார்: "மலைமேல பன்னிரண்டுக்குக் கொட்டும். ஜாக்கிரதை." மேகப் படங்களில் இருப்பது கிரீன்விச் நேரம், அந்தப் பன்னிரண்டு ஓமானில் மாலை நாலு. பழைய ஆட்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

ஹுமைத் என்ற புது ஆள் கேட்டான்: "எந்தப் பன்னிரண்டு அண்ணே?"

முந்தின நாள் முதஃப்பரின் கிண்டலுக்குச் சிரிப்புக் குறி போட்டவன் அவன். ஜஹ்ரானுக்குச் சுருக்கென்றது. "உங்க ஊருல எத்தன பன்னிரண்டு இருக்கு தம்பி? போய் உன் வாத்தியார்கிட்ட கேளு."

முதஃப்பர் பாய்ந்து வந்தார். "கேட்டா சொல்லத் துப்பில்ல, இவரெல்லாம் ஜோசியர்!" சண்டை அறுபது பதிவு நீண்டது. நேரத்தை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

பகல் பன்னிரண்டுக்கு வானம் வெளுத்துக் கிடந்தது. மூன்றரை வரை பார்த்துவிட்டு, மழை பொய்த்தது என்று நினைத்த ஹுமைத், ஆட்டுத்தீவனம் ஏற்றிய வண்டியோடு காட்டாற்றுப் படுகைப் பாதையில் இறங்கினான். நாலுக்கு மலைமேல் மழை கொட்டியது; வெள்ளம் அவனைப் பாதி வழியில் பிடித்தது.

அன்று மாலை கணிப்பு பலித்ததற்காகக் குழுவில் ஜஹ்ரானுக்கு ஏகப்பட்ட பாராட்டு. மறுநாள்தான் ஹுமைதின் உடல் கிடைத்தது.

துக்கம் விசாரிக்க வந்த ஜஹ்ரானிடம் ஹுமைதின் அண்ணன் சுலைமான் கைப்பேசியைத் தடவிக்கொண்டே சொன்னான். "ஒழுங்காத்தான் கேட்டிருக்கான். எவனோ நக்கல் பண்ணியிருக்கான்."

"அந்த எவனோ நான்தான்" என்றார் ஜஹ்ரான்.

சுலைமான் நிமிர்ந்து பார்த்தான். "எந்திரிச்சுப் போயிடுங்க. அப்பா காதுல விழறதுக்குள்ள போயிடுங்க."

வாசலில் கிடந்த செருப்புகளில் தன்னுடையதைக் கண்டெடுக்க ஜஹ்ரானுக்கு வெகுநேரம் பிடித்தது.

ஒரு வாரம் கழித்து முதஃப்பர் முதன்முறையாகத் தொலைபேசியில் அழைத்தார்.

"நானாவது சொல்லியிருக்கலாம் ஜஹ்ரான். நாலு மணின்னு எனக்கும் தெரியும்ல."

ஜஹ்ரானுக்கு அவரைத் திட்டவும் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை. அழைப்பை இருவருமே துண்டிக்கவில்லை.