வால் விடாத தையல்

தெருவில் அவரை எல்லோரும் உள்பை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டை, பேண்ட் தைக்கிற ஆள்தான். ஆனால் விமானம் ஏறப்போகிறவர்கள் அவரைத் தேடி வருவது, பனியனுக்குள் வைத்துத் தைக்கும் பணப்பைக்காக. பிளேடுக்கு மசியாத கித்தான் துணி, இரட்டை நூல். பணத்தை வைத்தபின் பையின் வாயையும் தைத்து மூடிவிடுவார். ஓரத்தில் மட்டும் அரைவிரல் நீளத்துக்கு நூலை விட்டுவைப்பார். அதற்கு வால் என்று பெயர். வாலைப் பிடித்து இழுத்தால் தையல் சரசரவென்று பிரிந்துவிடும். வால் இல்லாவிட்டால் வெறுங்கையால் தலைகீழாக நின்றாலும் நடக்காது. "பிக்பாக்கெட்காரன் வந்தா எனக்கொரு கும்பிடு போட்டுட்டுப் போயிடுவான்" என்பார். கொஞ்சம் வாய் நீளம்தான், ஆனால் வேலை சுத்தம்.

ஒரு மதியம் பெயிண்டரின் மனைவி வந்தாள். பெயிண்டர் வேலைக்கென்று வெளிநாடு போய், இருபதாம் நாளே காய்ச்சலில் செத்துப்போனவர். பெட்டியோடு திரும்பி வந்த அவருடைய பனியனை அவள் மேசைமேல் வைத்தாள்.

"பிரிச்சுக் குடுங்க மாஸ்டர். பீரோவுல வச்சிருந்தேன். வீடு சத்தமில்லாம இருந்தா உள்ள யாரோ சுரண்டுற மாதிரியே கேக்குது. இப்பக்கூடக் கேக்குது பாருங்க."

மாஸ்டர் காது கொடுத்துக் கேட்டார். ஒன்றுமில்லை. பாவம், துக்கத்தில் மனசு குழம்பிப்போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பையைத் திருப்பினார்.

வால் இல்லை. இடது ஓரத்திலும் இல்லை, வலது ஓரத்திலும் இல்லை. பெயிண்டருக்கு இந்தப் பையைத் தைத்த அன்றைக்கு வாசலில் டாக்சிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். அவசரத்தில் பிசிறு நூல்களோடு வாலையும் சேர்த்து வெட்டியிருக்கிறார். பையின் வாயைச் சுற்றிக் கித்தான் முழுக்க நகக்கீறல். ஓரிடத்தில் காய்ந்த ரத்தம். ஆனால் துணி ஒரு இழைகூடக் கிழியவில்லை.

பிளேடு முனையால் ஒவ்வொரு தையலாக அறுத்தார். பணம் வைத்தது வைத்தபடி இருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

"பணம் கட்டினாத்தான் சேத்துக்குவோம்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்களாம். போன் பண்ணாரு. வாலு கையில தட்டுப்படலடின்னாரு. யார்கிட்டயாவது கத்தரிக்கோல் கேளுங்கன்னு சொல்லத் தோணல மாஸ்டர். பணத்தை ஒருத்தர்கிட்டயும் காட்டாதீங்க, மாஸ்டர் மறக்கிற ஆளில்ல, நல்லாத் தேடுங்கன்னேன். இருந்த வாலு காய்ச்சல் மயக்கத்துல அவருக்குத் தெரியல. நான்தான் கொன்னுட்டேன்."

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. 'இல்லம்மா, நான்தான் வெட்டிட்டேன்.' அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. முப்பது வருஷமாகச் சம்பாதித்த நல்ல பேர் கண்முன்னே வந்து நின்றது. மென்று விழுங்கினார்.

"எல்லாம் விதிம்மா" என்றார். சொல்லும்போதே தன்மேல் அவருக்கு அருவருப்பாக இருந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பணத்தை எடுத்துக் கைப்பையில் வைத்தாள். சட்டென்று தலையைச் சாய்த்துக் கேட்டாள். பல நாள் தூங்காத முகம் மெல்லத் தெளிந்தது.

"சத்தம் நின்னுடுச்சு மாஸ்டர்!"

பனியனை அங்கேயே விட்டுவிட்டுப் படியிறங்கிப் போனாள். மாஸ்டர் "அம்மா" என்று கூப்பிட வாயெடுத்தார். அதற்குள் அவள் தெருமுனை திரும்பிவிட்டாள்.

துணி தைக்கக் கொண்டுவந்த ஒருவர் வாசலில் நின்று என்னவோ கேட்டார். மாஸ்டருக்கு அது விளங்கவில்லை. மேசைமேல் கிடந்த காலிப் பைக்குள் யாரோ சுரண்டத் தொடங்கியிருந்தார்கள்.